ஐதராபாத்தின் நாணயம்

சார்மினாருக்குப் பக்கத்தில், லாட் பஜார் தொடங்கும் முனையில், பழங்காசு விற்கும் ஒரு முதியவர் எனக்கு ஒரு வெள்ளி ரூபாயைச் சுண்டிக் காட்டினார். கட்டைவிரல் நகத்தில் ஏற்றிச் சுண்டி, கருங்கல் படியில் விழவிட்டார். "முதல்ல சத்தத்தைக் கேளுங்க. விலையை அப்புறம் பேசுவோம்" என்று தக்கனி உருதுவில் சொன்னார். காசின் ஒரு பக்கம் சார்மினார். அதன் நடுவளைவுக்குள் ஒற்றை அரபு எழுத்து: கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயருக்கு முதலெழுத்தான 'ஐன்'. இதை ஹாலி சிக்கா என்பார்கள். நடப்புக் காசு என்று பொருள். அச்சடித்த அரசு போய்ச் சேர்ந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது, காசின் பெயர் மட்டும் இன்னும் நடப்புக் காசு. வெள்ளியின் சத்தத்தைப் பிரித்தறிய எனக்குக் காது போதாது. அவர் முகத்தை நம்பி வாங்கினேன்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல், நாணயம். "அவன் நாணயமான ஆள்" என்று கடைவீதியில் சொன்னால் அவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சே அதில் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான், கணக்கை மறைக்க மாட்டான் என்பதுதான் செய்தி. கருத்தரங்குகளில் நீதிக்கு ஓர் அமர்வு, தலைமைக்கு ஓர் அமர்வு, பொருளாதார நிலைத்தன்மைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அமர்வு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைவீதிக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

மூன்றுக்கும் என்ன உறவு என்பதற்கு நம்மிடையே மூன்று விடைகள் புழங்குகின்றன. நல்ல தலைவர் ஒருவர் வாய்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானே சீராகும் என்பது ஒன்று. நம் சினிமா பாதி இந்த விடையில்தான் ஓடுகிறது. முதலில் வளர்ச்சி வரட்டும், நியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. கடுமையாக ஒரு சட்டம் போட்டால் போதும் என்பது மூன்றாவது. ஐதராபாத் இந்த மூன்றையும் இருநூறு ஆண்டுகளில் முழு அளவில் செய்து பார்த்த ஊர். அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவர் ஆண்டதால் மட்டும் இந்த ஊரில் பணம் நிலைத்து நிற்கவில்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் கணக்குக் கேட்க முடிந்தபோது, கேட்டதற்குக் காலத்தோடு பதில் வந்தபோது நின்றது.

கணக்குக் கேட்க முடியாத ஒரு கடனிலிருந்து தொடங்கலாம். 1814இல் வில்லியம் பாமர் ஐதராபாத்தில் ஒரு வட்டித்தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். தகப்பன் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல், தாய் வட இந்திய முஸ்லிம் உயர்குடிப் பெண். நிஜாம் அரசில் அப்போது எல்லாமுமாக இருந்தவர் சந்து லால். கவிதை எழுதுவார், வாரி வழங்குவதில் பேர்போனவர். வழங்கப் பணம்? பாமரிடம் கடன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தைந்தை ஒட்டி. பிரிட்டிஷ் குடிகள் இந்திய மன்னர்களுக்கு அனுமதியின்றிக் கடன் கொடுக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1797இலேயே சட்டம் போட்டிருந்தது. 1816இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான ரம்போல்டு, ஹேஸ்டிங்ஸ் எடுத்து வளர்த்த பெண்ணின் கணவர். மருமகன் முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1820இல் 60 லட்சம் ரூபாய்க்குப் புதுக்கடன் எழுதப்பட்டது. அந்த ஆண்டு கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, வந்த சார்லஸ் மெட்காஃப் இதற்குக் கணக்குக் கேட்டார். கேட்டதற்காகவே மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானார். முடிவில் கம்பெனியே கடனை அடைத்தது. அதற்கு ஈடாக, வடசர்க்கார் மாவட்டங்களுக்காக நிஜாமுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியிருந்த 7 லட்சம் ரூபாய்க் கப்பத்தை ஒரேயடியாக நிறுத்திக்கொண்டது. பாமர் நிறுவனம் 1824இல் திவாலானது. அரசின் கடன் பழக்கம் அதோடு விடவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய படைக்குச் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போய், 1853 மே மாதம் டல்ஹௌசி செய்த உடன்படிக்கையில் பருத்தி விளையும் பேரார் மாநிலம் கைமாறியது. கடன் வாங்கியவர்கள் அரண்மனைக்காரர்கள். நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்கள் அங்கே ஏர் பிடித்தவர்கள்.

பேரார் போன சில நாளில் திவான் சிராஜுல் முல்க் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான மீர் துராப் அலி கான், வயது 24. சாலார் ஜங் என்று உலகம் அறிந்தவர். இன்று மூசி ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் மணி அடிக்கும் பொம்மைக் கடிகாரத்தின் முன் கூட்டம் கூடுகிறதே, அதைச் சேர்த்தவர் இவருடைய பேரன். பாட்டனார் சேர்த்தது வேறு வகைச் சொத்து.

அவர் பொறுப்பேற்றபோது வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. இவ்வளவு தருகிறேன் என்று முன்பணம் கட்டியவர் தாலூக்காவை எடுத்துக்கொள்வார். அதற்குமேல் கறக்க முடிந்ததெல்லாம் அவருக்கு. அரபு, ரோஹில்லா கூலிப்படைத் தலைவர்கள் சம்பள பாக்கிக்கு ஈடாகக் கிராமங்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களே வட்டிக்கும் விட்டார்கள். கடன் திருப்பாதவரைத் தங்கள் வளவிலேயே அடைத்து வைத்தார்கள். கோர்ட்டு, கச்சேரி என்ற பேச்சே இல்லை. கத்வால், நாராயண்பேட்டை என்று ஊருக்கு ஊர் அக்கசாலை. ஒரு சந்தையில் வாங்கிய ரூபாய் அடுத்த சந்தையில் வட்டத்துக்குப் போகும்.

சாலார் ஜங் முதலில் குத்தகையை நிறுத்தினார். சம்பளத்துக்கு அதிகாரிகளை நியமித்து, வரியை அரசுக் கருவூலத்துக்குக் கொண்டுவந்தார். படைத்தலைவர்கள் பிடித்திருந்த நிலங்களைக் கடனை அடைத்து ஒவ்வொன்றாக மீட்டார். தலைநகரத்தில் ஒரே அக்கசாலையை வலுப்படுத்தி ஹாலி சிக்காவைப் பொதுக் காசாக்கினார். ஏறக்குறைய ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு ஆங்கில ரூபாய் என்ற விகிதத்தில் அது பல பத்தாண்டு அசையாமல் நின்றது. 1865இல் ஜில்லாபந்தி என்ற பெயரில் நாட்டை மாவட்டங்களாகப் பிரித்தார். 1868இல் நீதி, வருவாய், காவல் என்று துறைகளுக்குத் தனித்தனி அமைச்சர்களை வைத்தார். வரி வாங்குபவரே வழக்கையும் விசாரிக்கும் வழக்கம் உடையத் தொடங்கியது. 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் வந்தது. முப்பது ஆண்டு திவானாக இருந்து, 1883 பிப்ரவரியில் காலரா கண்டு சட்டென்று இறந்தார்.

நல்ல தலைவர் போதும் என்பவர்களுக்கு இவரைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. எதிர்த்தரப்புக்கும் இவரே சாட்சி என்பதுதான் வேடிக்கை. அவர் கண்மூடி ஐந்தே ஆண்டில், 1888இல், லண்டன் நாடாளுமன்றத்தில் ஐதராபாத் தக்காணச் சுரங்க நிறுவனத்தைப் பற்றி ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. நிலக்கரிச் சுரங்க உரிமையை வைத்து ஒரு லட்சம் பங்குகள். அவற்றில் 85,000 பங்குகளை உரிமை வாங்கியவர்கள் காசு போடாமலே தங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பங்குகளில் ஒரு பகுதியை நிஜாம் அரசின் தலையிலேயே கட்டியவர் அரசின் உயர் அதிகாரியான அப்துல் ஹக். பங்குச்சந்தை மோசடி என்றால் ஐதராபாத்துக்கு 2009இல் வந்த புது நோய் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைத் தேடிப் படிக்கலாம்.

அதைவிட ஆழமான ஓட்டை கிராமத்தில் இருந்தது. குத்தகை முறை போனதும், பரம்பரையாக வரி தண்டிய தேஷ்முக்குகளும் தேஷ்பாண்டேக்களும் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு ரசூம் என்று ஆண்டுப்படி கொடுக்கப்பட்டது. ஆனால் எந்த நிலம் யாருடையது என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. நிலத்தை அளந்து பட்டா எழுதும் காலம் வந்தபோது நல்ல நிலமெல்லாம் அவர்கள் பெயரில் ஏறிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக உழுதவர், தன் நிலத்திலேயே தான் வாரக்காரன் ஆனதை வரி கட்டப் போனபோதுதான் தெரிந்துகொண்டார். சீர்திருத்தம் நடந்தது உண்மை. கணக்குப் புத்தகத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று சீர்திருத்தியவர் பார்க்கவில்லை.

அதன் மேல் வெட்டி. கூலியில்லா வேலைக்குத் தெலுங்கில் வெட்டி. நமக்கும் அது பழைய சொல்தான், சோழர் கல்வெட்டுகளில் வரிப் பட்டியலில் இருக்கிறது. சலவைக்காரர், குயவர், தோல் தொழிலாளர் எல்லாரும் தொரை என்ற நிலக்கிழாரின் வீட்டில் இலவசமாக உழைக்க வேண்டும். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் ஊர்வலத்தின் மீது விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். அதிலிருந்து வெடித்த தெலங்கானா ஆயுதப் போராட்டம் 1951 வரை நீண்டது. நடுவே 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐந்து நாளில் நிஜாம் ஆட்சியை முடித்தது. அதையொட்டி முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையை விசாரித்த சுந்தர்லால் குழு, குறைத்துக் கணக்கிட்டாலே இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை என்று எழுதியது. அந்த அறிக்கை பல பத்தாண்டு பொதுவெளிக்கு வராமலே கிடந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகிர் என்ற மானிய நிலங்கள் ஒழிந்தன. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவே முன் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுத்தபோது பூதானம் பிறந்தது. ஆயுதம் ஏந்திக் கேட்டதற்குப் பிறகுதான் கொடை வந்தது என்பதைப் பூதானத்தைப் போற்றும் பாடநூல்கள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

நிஜாமின் பணத்துக்கே நீதி எவ்வளவு மெதுவாக வந்தது என்பது தனிக்கதை. அரசு வீழ்ந்த அதே வாரத்தில் லண்டனில் இருந்த 10,07,940 பவுன், பாகிஸ்தான் ஹைகமிஷனர் பெயருக்கு மாற்றப்பட்டது. நிஜாம் திரும்பக் கேட்டார். வங்கி யாருக்கும் கொடுக்கவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் இந்தியாவுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபோது அது சுமார் 3.5 கோடி பவுனாக வளர்ந்திருந்தது. கேட்டவர் இறந்து 52 ஆண்டு ஆகியிருந்தது. உலகின் பெரும் பணக்காரருக்கே இந்தக் கதி.

1956இல் ஆந்திரத்தோடு தெலங்கானா சேர்ந்தபோது இரு தரப்புத் தலைவர்களும் ஒரு பெரியமனிதர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வேலையில் பங்கு, வருவாயில் பங்கு, பதவியில் பங்கு. பெயரே சொல்கிறது, நம்பிக்கையின் மேல் எழுதியது. மீறினால் யாரிடம் போவது என்று அதில் பல் இல்லை. 1969இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 'நீள்ளு, நிதுலு, நியாமகாலு' (தண்ணீர், நிதி, வேலை) என்ற மூன்று சொல் கோஷம் 2014 ஜூன் 2இல் ஒரு மாநிலமே ஆனது. நடுவில் பி.வி. நரசிம்ம ராவ். ஆந்திர முதலமைச்சராக இருந்தபோது நில உச்சவரம்பைக் கையிலெடுத்தார். உள்ளூர்க்காரருக்கு வேலையில் முன்னுரிமை தரும் முல்கி விதியைப் பற்றி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜெய் ஆந்திரா கிளர்ச்சியைக் கிளப்ப, 1973 ஜனவரியில் பதவி போனது. அதே மனிதர் 1991 ஜூனில் பிரதமரானபோது நாட்டின் தங்கம் ஏற்கெனவே வெளியே போகத் தொடங்கியிருந்தது. ஜூலையில் மேலும் 47 டன் வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்கு அடமானமாகப் போனது. அப்போது பொறுப்பில் இருந்தவர்களில் நம்மவர்கள் உண்டு: ரிசர்வ் வங்கி கவர்னர் எஸ். வெங்கிட்டரமணன், துணைக் கவர்னர் சி. ரங்கராஜன். நிலத்தில் நியாயம் கேட்டபோது நாற்காலி இழந்தவர், அந்நியச் செலாவணியைச் சீர்செய்தபோது வரலாற்றில் இடம்பிடித்தார். எந்த வேலைக்கு இந்த நாடு எவ்வளவு கூலி கொடுக்கிறது என்பதற்கு இது ஒரு விலைப்பட்டியல்.

இனி சத்யம். இந்தப் பெயரை ஒரு நிறுவனத்துக்கு வைத்தது யாருடைய துணிச்சல் என்று வியந்துகொண்டே இருக்கலாம். 1987இல் ராமலிங்க ராஜு தொடங்கிய மென்பொருள் நிறுவனம். இருபது ஆண்டில் சுமார் 50,000 ஊழியர்கள், நியூயார்க் சந்தையில் பட்டியல். 2008 செப்டம்பரில் சிறந்த நிறுவன ஆளுகைக்காகத் தங்க மயில் விருது. அதே மாதம் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதை ஐதராபாத்தில் 2005இல் உருவாக்கியதும் ராஜுதான். இன்று நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் நாம் அடிக்கும் எண்ணுக்குப் பின்னால் இவர் இருக்கிறார். ஆள் கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாமல் போவது இங்கேதான். அந்த ஆம்புலன்ஸ் உயிர் காத்தது நிஜம். வங்கியில் இருப்பதாகச் சொன்ன பணம் பொய்.

2008 டிசம்பர் 16 அன்று, குடும்பத்தினரின் மெய்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. மெய்டாஸ் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் சத்யம் வரும். அந்த முடிவுக்குத் தலையாட்டிய இயக்குநர் குழுவில் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் இருந்தார், ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஐதராபாத் மேலாண்மைப் பள்ளியின் தலைவர் இருந்தார். முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் அறிவிப்பு வாபஸ். 2009 ஜனவரி 7 காலையில் ராஜுவின் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. செப்டம்பர் காலாண்டில் காட்டிய லாப விகிதம் நூற்றுக்கு 24, உண்மையில் 3. அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

எப்படி முடிந்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சிபிஐ கணக்கிட்டபடி 7,561 போலி விலைப்பட்டியல்கள். அவற்றை உள்ளே நுழைக்கவும், மற்ற ஊழியர்கள் கண்ணில் படாமல் மறைக்கவும் கணினியில் தனி நுழைவு வைத்திருந்தார்கள். வங்கி வைப்புத்தொகை ரசீதுகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டன. தணிக்கை விதிப்படி, இவ்வளவு பணம் இருக்கிறதா என்று தணிக்கையாளர் வங்கிக்கு நேரே எழுதி, வங்கியிடமிருந்து நேரே பதில் வாங்க வேண்டும். இங்கே அந்தச் சான்றுகள் நிறுவனத்தின் கை வழியாகவே வந்தன. ஒரு தபால் உறை போக வேண்டிய வழியில் போயிருந்தால் போதும். உலகப் புகழ் தணிக்கை நிறுவனம், விருது, பேராசிரியர்கள் எல்லாம் இருந்தும், கணக்குக் கேட்ட கையும் கணக்குக் காட்டிய கையும் ஒன்றாக இருந்தன.

அடுத்து நடந்தது இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஒரு வாரத்துக்குள் அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமர்த்தத் தொடங்கியது: கிரண் கார்னிக், தீபக் பாரேக், சி. அச்சுதன்; பின்னாலேயே தருண் தாஸ், எஸ்.பி. மைனாக், தமிழ்நாட்டுத் தணிக்கையாளர் டி.என். மனோகரன். அரசு கஜானாவிலிருந்து பணம் கொட்டவில்லை. வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து சம்பளம் போட்டார்கள். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தினார்கள். உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.பி. பருச்சா மேற்பார்வையில் ஏலம் நடத்தினார்கள். ஏப்ரல் 13 அன்று டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் என்று எடுத்தது. கடிதம் வந்து 96 நாள். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் வீட்டுக்கடன் தவணைகள் தப்பின.

நிறுவனத்தைக் காப்பாற்ற 96 நாள், குற்றத்தைத் தீர்மானிக்க? ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஏழு ஆண்டுச் சிறை விதித்தது 2015 ஏப்ரல் 9 அன்று. மே மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன். சத்யத்துக்கு ஒரு மாதம் முன்பு நியூயார்க்கில் பிடிபட்ட பெர்னார்டு மேடாஃப், 2009 ஜூனிலேயே 150 ஆண்டுச் சிறைக்குப் போய்விட்டார். அவர் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒப்பீடு முழுக்கச் சமமில்லை. ஆனால் இந்த ஒப்பீடு சமமானது: சத்யம் பங்கு வாங்கிய அமெரிக்க முதலீட்டாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு நிறுவனத்திடமிருந்து 12.5 கோடி டாலர் வாங்கினார்கள். அதே பங்கை இங்கே வாங்கிய ஓய்வூதியக்காரருக்கு அப்படி ஒரு கூட்டு வழக்குக்கு வழியே இல்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் அந்த வழியைத் திறந்தது, தணிக்கையாளரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. நமக்குச் சட்டங்கள் பெரும்பாலும் போன வெள்ளத்துக்குக் கட்டிய கரை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கோபம் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனம் முளைத்தபோது, நூற்றுக்கு இருபத்து நான்கு வட்டி என்ற பலகையை நம்பி என் அப்பா ஓய்வுப் பணத்தைப் போட்டார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆந்திரம் 1999இல் அதேபோல் ஒன்று இயற்றியது. ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பா அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். பணத்தில் ஒரு சிறு பங்கு வீட்டுக்கு வந்தபோது கையெழுத்துப் போட அம்மா போக வேண்டியிருந்தது.

சட்டம் போதும் என்ற மூன்றாவது விடைக்கு வருவோம். சத்யம் விழுந்த மறு ஆண்டு, அதே ஊரில், நுண்கடன். 2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் என்ற நுண்கடன் நிறுவனத்தின் பங்கு 985 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது. விண்ணப்பங்கள் பதின்மடங்குக்கு மேல் குவிந்தன. மேடக் மாவட்டத்து ஏழைப் பெண்களை நம்பித் தொடங்கிய தொழில். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வர் பொறுப்பு. வாரத்துக்கு ஒருநாள் காலையில் வட்டமாக உட்கார்ந்து பணத்தை எண்ணி வைக்க வேண்டும். சாட்சியும் ஜாமீனும் காவலும் பக்கத்து வீட்டுக்காரியே. நூற்றுக்கு நூறு வசூல் என்று உலகம் மெச்சியதன் ரகசியம் இதுதான். ஒருத்திக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தபோது, ஒன்றை அடைக்க ஒன்று என்று போய், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் உட்காரும் நாள் வந்தது. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் நிர்வாகம் சுமார் ஐம்பது கிளைகளை மூடி எச்சரித்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. பதிவு கட்டாயம், வாரத் தவணை மாதத் தவணையாகும், வட்டி அசலைத் தாண்டக்கூடாது. கடைசி விதி நம் பழைய தர்மசாஸ்திரத்தின் இரட்டிப்பு வரம்பு. மிரட்டல் நின்றது. கடன் கட்டுவதும் நின்றது. புதுக் கடனும் நின்றது. பெண்கள் பழையபடி மஞ்சள் பை வட்டிக்காரரிடம் போனார்கள். ஆந்திரத்தில் பணம் முடங்கிய நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கின. அப்படிச் சுருங்கிய மாவட்டங்களில் விவசாயக் கூலியே குறைந்தது என்று எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் பின்னர் ஆய்ந்து காட்டினார்கள். கடனே வாங்காத கூலிக்காரரும் ஐதராபாத் சட்டத்துக்கு விலை கொடுத்தார்.

அதற்காகச் சட்டம் தவறு என்று சொல்லும் முதலாளித் தரப்போடு நான் சேர முடியாது. நுண்கடன் வறுமையை ஒழிக்கிறது என்ற பெருமைக்கே ஐதராபாத்தில் சோதனை நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, கின்னன் குழுவினர் நகரின் 104 ஏழைக் குடியிருப்புப் பகுதிகளில், குலுக்கல் முறையில் பாதி இடங்களில் கடன் கொடுக்கச் செய்து ஒப்பிட்டார்கள். சிலர் தையல் மிஷின் வாங்கினார்கள், கடையைப் பெருக்கினார்கள். வெட்டிச் செலவு கொஞ்சம் குறைந்தது. சராசரிக் குடும்பத்தின் நுகர்வு ஏறவில்லை. நன்மை அளவானது, அதைக் கடவுள் அவதாரமாக விற்றதுதான் பிசகு. நுண்கடனை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதன்பின் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்குத் தனி வகையும் வட்டி வரம்பும் வகுத்தது. 2023இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிந்த நிறுவனங்களுக்கு அந்த மாநிலச் சட்டம் பொருந்தாது என்றது. பதின்மூன்று ஆண்டு. நம் பக்கமும் 2003இன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கும்போதே, 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. மனு கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி என் அத்தை இருக்கிறாள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாக உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை அவள் கூடத்தில் ஏலச்சீட்டு. இருபது பெண்கள், பாதிப் பேர் தமிழ், மீதி பெரும்பாலும் தெலுங்கு, ஒருத்தி பீதரிலிருந்து வந்த கன்னடக்காரி. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "ஆமாண்டா, பதிஞ்ச எடத்துல உங்கப்பன் போட்ட பணம் வந்துச்சா?" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய சீட்டும் நாளைக்கு ஓர் ஆள் ஓடினால் சாயக்கூடியதுதான்; அவளுக்குப் பிறகு இது நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவள் நோட்டை வைக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். நீளவாட்டு, கோடு போட்ட கணக்கு நோட்டு. கூடத்தின் நடுவில் பாயில் விரித்து வைத்து, யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள், ஆளுக்கு எவ்வளவு கழிவு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். நோட்டின் முகம் எப்போதும் வந்தவர்கள் பக்கம் இருக்கும். நாற்பது வருஷமாக அத்தை எழுத்துகளைத் தலைகீழாகவே எழுதிப் பழகியிருக்கிறாள்; அவள் ஏழு மட்டும் கொஞ்சம் கோணலாக விழும், யாராவது குனிந்து "இது ஏழா, ஒண்ணா?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார்கள்.